இருசுக்கு ஒரு சீட்டு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் எட்டாவது படிக்கு மேல் என்னோடு பேச்சு வைத்துக்கொள்வதில்லை. மாடி அறையைப் பிடித்தது என் புத்தி. நீயும் உன் பெண்டாட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? குட்டிக்கு முன்பல் முளைத்ததா, இன்னும் பொக்கை வாயோடுதான் பள்ளிக்கூடம் போகிறாளா?

உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். எங்கள் அகராதியில் மூன்று வருஷம் 'அ'வோடும் 'ஆ'வோடும் மல்லுக்கட்டிவிட்டு இப்போதுதான் 'இ'க்கு வந்திருக்கிறோம். என் மேஜைக்கு வந்திருக்கும் சொல் 'இருசு'. சக்கரங்களுக்கு நடுவே குறுக்காக ஓடும் தண்டு. அச்சு என்கிறோமே, அதுதான் என்று நினைத்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பழைய அகராதிகளைத் திறந்ததும் தலை சுற்றிவிட்டது. ஒன்று, இருசு என்றால் அச்சு என்கிறது. இன்னொன்று, சக்கரம் கழன்று ஓடாமலிருக்கச் செருகும் ஆணி என்கிறது. மூன்றாவது, 'வண்டியின் ஓர் உறுப்பு' என்று சொல்லிவிட்டு நைசாக நழுவிக்கொள்கிறது.

பிறப்பு அதைவிடக் குழப்பம். அச்சு என்ற சொல்லில் தகராறு இல்லை, வடமொழி 'அட்சம்' தேய்ந்து வந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். இருசுக்கு ஒருவர், அசையாமல் ஓரிடத்தில் இருப்பதால் 'இரு' என்பதிலிருந்து வந்தது என்கிறார். இன்னொருவர், நேரானது என்று பொருள்படும் வடமொழிச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார். எங்கள் பதிப்பாசிரியர் இரண்டு பேரையும் நம்பவில்லை. "வண்டி வேல பாக்குறவங்களக் கேளுங்கம்மா. அது சுத்துதா, சும்மா இருக்குதான்னு தெரிஞ்சாலே பாதிச் சண்ட தீந்துடும்" என்றார். உடனே எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

எங்கள் சீட்டு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அகல அட்டை. அதில் சொல், பொருள், பிறப்பு என்று கட்டங்கள். அதற்குக் கீழே அந்தச் சொல்லை வைத்துத் தொழிலில் இருக்கும் ஒருவர் உண்மையாகவே பேசிய ஒரு வாக்கியம். யார், யாரிடம், என்றைக்குச் சொன்னார் என்பதும் வேண்டும். நாமாக இட்டுக்கட்டினால் வேலையே போய்விடும். கடைசிக் கட்டம் 'பதில்'. கேட்டவர் என்ன சொன்னார், அல்லது என்ன செய்தார் என்று எழுத வேண்டும். "கேட்டவன் என்ன பண்ணினான்னு பாத்தாத்தான் சொன்னவன் என்ன சொன்னான்னு விளங்கும்" என்பது பதிப்பாசிரியரின் கட்சி. பதில் கட்டம் காலியாக இருந்தால் சீட்டு தேறாது.

உன் பட்டறையில் யாராவது இருசு என்கிறார்களா? அது சுற்றுமா, சுற்றாதா? காதைத் தீட்டி வைத்துக்கொண்டு எழுது.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.
உன் அக்கா

ஜனவரி 24

அன்புள்ள சீட்டுக்கார அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் மருமகளுக்கு ஒரு பல் முளைத்து இன்னொன்று விழுந்துவிட்டது, ஆக கணக்குச் சரி. உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை அதற்கும் அர்த்தம் தேடிக்கொண்டிருக்கிறாயா?

சொல்லுக்கு வருகிறேன். எங்கள் கிடங்கில் சரக்குத் தள்ளும் நாலு சக்கர வண்டிகள் நாற்பத்திரண்டு. அத்தனையும் பழுதென்று வந்தால் என் பட்டறைக்குத்தான் வரும். எல்லோரும் ஆக்ஸில் என்பார்கள். புதிதாக வந்தவர்கள் ஷாஃப்ட் என்பார்கள். இருசு என்று சொல்வது ஒரே ஒருவர், எங்கள் கடைசல்காரர். லேத் பக்கத்திலேயே பத்து வருஷமாக நிற்பவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ரேடியோவில் தவறாக ஏதாவது சொன்னால் ரேடியோவைத் திருத்துவார்.

சுற்றுமா சுற்றாதா என்று கேட்டாய். முன் சக்கரங்கள் இரண்டும் தண்டின் மேல் சுற்றும், தண்டு அசையாது. பின் சக்கரங்கள் தண்டோடு இறுகியிருக்கும், தண்டும் சேர்ந்து சுற்றும். கடைசல்காரர் இரண்டையும் இருசு என்றுதான் சொல்கிறார். இப்போது உன் சண்டை தீர்ந்ததா, இரண்டாகப் பெருகியதா?

வாக்கியமும் இருக்கிறது, இட்டுக்கட்டாதது. பின் இருசுகளைக் கழற்றினால் அவர் ஒரு சோதனை செய்வார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்துக் காயவைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தடவி, சுத்தியலால் லேசாகத் தட்டுவார். உள்ளே கீறல் இருந்தால் அதில் ஒளிந்திருக்கும் மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளின் மேல் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு தெரியும். போன வாரம், ஜனவரி 16 அன்று, அப்படி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ஏழாம் நம்பர் வண்டி இருசுல கீறல் ஓடியிருக்கு மேஸ்திரி. இத மாட்டாதீங்க."

சுத்தமான வாக்கியம். யார், யாரிடம், என்றைக்கு எல்லாம் வந்துவிட்டது. இந்த மாதம் சரக்கு மலையாகக் குவிந்திருக்கிறது, மேலே இருப்பவர்கள் ஒரு வண்டிகூட நிற்கக் கூடாது என்று உயிரை வாங்குகிறார்கள், அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

அகராதியில் என் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்.
தம்பி

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒத்தடம் கொடுக்கிறேன், போதுமா?

உன் கடிதத்தைப் படித்ததும் பதிப்பாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அப்படிச் செய்தால் அவருக்குப் பரம திருப்தி என்று அர்த்தம். "மயிரிழைக் கோடு, சாக்பீஸ் தூள். இத யாரும் கதை கட்ட முடியாது" என்றார். அன்றைக்கே பதிவேட்டில் ஏற்றியாயிற்று. ஏப்ரல் கடைசியில் 'இ'யின் மாதிரிப் பக்கங்களை அச்சடித்து, சொல் கொடுத்த எல்லா இடங்களுக்கும் அனுப்பப்போகிறோம். உன் கிடங்குக்கும் வரும். கடைசல்காரரின் வாக்கியத்தை எல்லோரும் படிப்பார்கள்.

ஆனால் நீ என் குழப்பத்தைத் தீர்க்கவில்லை, கூட்டியிருக்கிறாய். சுற்றுவதும் இருசு, சுற்றாததும் இருசு என்றால் 'இரு'விலிருந்து வந்தது என்று சொன்னவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? கடைசல்காரர் அந்தச் சொல்லை எங்கே கற்றார் என்று கேட்டு எழுது.

இன்னொன்று, பெரிய மனுஷா. பதில் கட்டத்துக்கு நீ ஒன்றுமே எழுதவில்லை. அவர் "மாட்டாதீங்க" என்றார். நீ என்ன சொன்னாய்?

குட்டிக்கு என் முத்தம்.
அக்கா

பிப்ரவரி 22

தம்பிக்கு,

கார்டுதான் எழுதுகிறேன். பத்தொன்பது நாளாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? பதில் கட்டம் ஒன்றுதான் பாக்கி. ஒரு வரி போதும்.
அக்கா

மார்ச் 2

அக்காவுக்கு,

நாங்கள் நலம்.

அந்தச் சீட்டைக் கிழித்துவிடு. வாக்கியம் நான் சும்மா எழுதியது. கடைசல்காரர் அப்படி எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இருசு என்ற சொல்லையும் இங்கே யாரும் சொல்வதில்லை. உனக்கு வேண்டுமானால் 'அச்சு' என்று போட்டுக்கொள்.

வேலை அதிகம்.
தம்பி

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஜனவரியில் ஒரு தம்பி எழுதினான், மார்ச்சில் வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். எழுத்து மட்டும் ஒன்றாக இருக்கிறது. என் முழங்காலைக்கூட விசாரிக்கவில்லை நீ.

சும்மா எழுதினாயா? பள்ளிக்கூடத்தில் 'விடுமுறையில் நான் செய்தது' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, ஒன்றும் செய்யவில்லை என்று ஒரே வரி எழுதி அடி வாங்கியவன் நீ. உனக்குக் கற்பனையாக எழுத வராது. மண்ணெண்ணெய், சாக்பீஸ், ஏழாம் நம்பர் வண்டி, ஜனவரி 16. இதெல்லாம் சும்மா வருமா?

அவருக்கு ஏதாவது மனத்தாங்கலா? தன்னைக் கேட்காமல் தன் பேச்சை எழுதிவிட்டான் என்று கோபித்துக்கொண்டாரா? அப்படியானால் நானே அவருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் போடுகிறேன், அந்தச் சொல்லை எங்கே கற்றார் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கிடங்கு முகவரிக்கு எழுதினால் கிடைக்குமல்லவா?

மென்று முழுங்காமல் எழுது. எனக்குக் கவலையாக இருக்கிறது.
அக்கா

மார்ச் 16

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

கடைசல்காரருக்குக் கிடங்கு முகவரியில் எழுதாதீர்கள். அவர் இப்போது வேலையில் இல்லை. பிப்ரவரி 6ஆம் தேதி, சரிவில் சரக்கு இறக்கும்போது ஏழாம் நம்பர் வண்டியின் பின் ஆக்ஸில் முறிந்து சக்கரம் கழன்றுவிட்டது. அவ்வளவு பெட்டியும் சரிந்து ஒரு லோடுமேன் காலில் விழுந்து, எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. விசாரணை நடக்கிறது. ஆக்ஸில்களைச் சோதித்துப் பழுதானதை ஒதுக்குவது கடைசல்காரர் பொறுப்பாம், அதனால் முடிவு தெரியும்வரை வராதே என்று அனுப்பிவிட்டார்கள். நான் சொன்னேன் என்கிறாராம் அவர். யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு மேஸ்திரியிடம் என்றாராம். மேஸ்திரியைக் கேட்டதற்கு நினைவில்லை என்றாராம்.

மேஸ்திரி என்பது யார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை அண்ணி. உப்பு போட்டேனா, மறந்தேனா என்றுகூடத் தெரியாமல் சாப்பிட்டு எழுந்திருக்கிறார். உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் வலது உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருக்கிறார். கையில் ஒன்றும் இல்லை, நான் பார்த்தேன். "என்னங்க, கையில என்ன?" என்று கேட்டால், "தூசி" என்கிறார். ஒரு நாள் தானாகப் பேசிக்கொண்டார், "அக்காகிட்ட சீட்டு இருக்கு" என்று. என்ன சீட்டு அண்ணி?

குட்டியின் இரண்டாவது பல்லும் முளைத்துவிட்டது. அவரிடம் காட்டினாள், பார்த்தார், அவ்வளவுதான்.

உங்கள் தம்பி மனைவி

மார்ச் 23

அன்புள்ள தம்பிக்கு,

எனக்குத் தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்காதே.

போன வாரம் நான் செய்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இருசுச் சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பதினோரு வருஷ வேலையில் ஒரு சீட்டைக்கூட நான் வெளியே கொண்டுபோனதில்லை. மேஜையில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக் கிழிக்கப் பார்த்தேன். கீழே தையல் கடையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும், அப்புறம் கிழிக்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். நின்றது. கை வரவில்லை. நீ என் தம்பி. கால் முறிந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது, கடைசல்காரரையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் கை வரவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கே குழப்பம்தான்.

மறுநாள் பதிப்பாசிரியரிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன், பதிவேட்டில் ஏறிய வாக்கியத்தை எடுக்க முடியுமா என்று. "தாராளமா எடுக்கலாம்மா. ஆனா எழுதி அனுப்பினவர் சொன்னாப் பத்தாது. அந்த வாக்கியத்தப் பேசினவர், நான் அப்படிச் சொல்லலன்னு கைப்பட எழுதித் தரணும்" என்றார்.

ஆகவே கடைசல்காரரிடம் போ. "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று ஒரு வரி எழுதி வாங்கி அனுப்பு. வந்தால் கிழித்துவிடுகிறேன். இதைத் தவிர உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.
அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன். மூன்று தரம் தெருமுனை வரை போய்த் திரும்பி, நாலாவது தரம் உள்ளே போனேன்.

ஒரே அறை, ஒரு ஜன்னல். ஜன்னலடியில் ஸ்டூல் போட்டு, பக்கத்து வீட்டு மிதிவண்டிச் சக்கரத்தை மடியில் வைத்துக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. "உக்காருங்க மேஸ்திரி" என்றார். அவர் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனவர், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

வாயைத் திறந்தால் வேறு என்னவோ வந்தது. அகராதி, அக்கா, இருசு என்று உளறிக்கொட்டினேன். அந்தச் சொல்லை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். அந்த நிலைமையில் அதைப் போய்க் கேட்டேன் பார். அவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிருந்து வந்துச்சோ, யாருக்குத் தெரியும். நான் மொத மொத வேலைக்குப் போன பட்டறையில எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. நானும் சொன்னேன். எனக்கு முந்தியே அது அங்க இருந்துச்சு."

"அது சுத்துறதா, சுத்தாததான்னு அக்கா கேக்குறாங்க."

"சுத்தினா என்ன, சுத்தாட்டி என்ன மேஸ்திரி? பாரத்தத் தாங்குறது எதுவோ அது இருசு. ஆணி வேற, அது சக்கரத்தப் பிடிக்கும், பாரத்தத் தாங்காது. இதுல என்ன குழப்பம்?"

உன் அகராதிகள் மூன்றையும் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டார். பொருள் கட்டத்துக்கு இதை எழுதிக்கொள்.

அப்புறம் கேட்டுவிட்டேன். ஒரு வரி எழுதித் தர முடியுமா என்று. என்ன வரி என்றார். சொன்னேன். சக்கரத்தை மடியிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்தார். பிறகு என் பேனாவையே வாங்கி, ஸ்டூலில் காகிதத்தை வைத்து எழுதினார். "சொன்னேன்னு ரெண்டு மாசமா சொல்றேன், ஒருத்தரும் நம்பல. சொல்லலன்னு சொன்னாலாவது நம்புவாங்களான்னு பாப்போம்" என்றார். அதில் கேலி இல்லை அக்கா. கேலியாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் சொன்னார் அக்கா. என்னிடம்தான் சொன்னார். உன் மூன்றாம் தேதிக் கடிதம், 'நீ என்ன சொன்னாய்?' என்று கேட்டாயே, அது எனக்குக் கிடைத்தது பிப்ரவரி 7. முதல் நாள்தான் அந்த லோடுமேனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருந்தேன். உனக்கு எல்லாம் முன்பே தெரிந்து கேட்கிறாயோ என்று கடிதத்தை மடித்து ஒளித்துவைத்தேன்.

அவர் எழுதித் தந்த காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். விசாரணை ஏப்ரல் 28 அன்று முடிகிறது. உங்கள் மாதிரிப் பக்கம் அதற்குள் இங்கே வந்தால் என் கதி அதோகதி. குட்டிக்கு ஏழு வயது. எனக்கு வேறு வேலை தெரியாது. நீ கேட்டதை அனுப்பிவிட்டேன், கிழித்துவிடு. கிழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. எழுதாமலும் இரு. எனக்கு என்ன வேண்டும் என்றே தெரியவில்லை.
தம்பி

ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

காகிதம் கிடைத்தது. நீ அதைப் படித்தாயா, மடித்து அப்படியே உறையில் போட்டாயா? மறுபடி எழுதுகிறேன், படி.

'ஜனவரி 16ஆம் தேதி வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஏழாம் நம்பர் வண்டியின் பின் இருசில் இடது சக்கரத்திலிருந்து நாலு விரற்கடை தள்ளிக் கீறல் ஓடியிருக்கிறது, மாட்டாதீர்கள் என்று மேஸ்திரியிடம் நான் சொல்லவில்லை.'

நீ ஒரு வரிதான் கேட்டாய். அவர் இப்படி எழுதியிருக்கிறார். சொல்லாத மனிதருக்குக் கிழமை, மணி, விரற்கடை எல்லாம் எப்படித் தெரியும்? இதை வைத்துக்கொண்டு நான் சீட்டைக் கிழிக்க வேண்டுமாம். பொய் எழுதச் சொன்னால்கூடக் கால் அங்குலம் பிசகாமல் எழுதுகிற மனிதரைப் போய் நீ வீட்டில் உட்கார வைத்திருக்கிறாயடா.

பதிப்பாசிரியரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன், சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோனதையும் சேர்த்து. அவர் கத்தவில்லை. ஒரு மாதத்துக்குச் சீட்டுப் பெட்டிகளை நான் தொடக் கூடாது, மெய்ப்பு மட்டும் பார்க்க வேண்டும் என்றார். இருசை மாதிரிப் பக்கத்திலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார். பதில் கட்டம் காலி, ஆகவே அது எப்படியும் தேறாது. நீ பயந்த பக்கம் உன் கிடங்குக்கு வராது. அந்த வழியில் உனக்கு ஆபத்தில்லை.

சீட்டை அவர் அனுமதியோடு உனக்கே அனுப்புகிறேன். கடைசல்காரரின் காகிதத்தையும் அதோடு உறையில் வைத்திருக்கிறேன். பதிவேட்டில் 'ஆள் கைக்கு அனுப்பப்பட்டது' என்று எழுதிவிட்டோம், இனி யாரும் கேட்க மாட்டார்கள். கிழிப்பதானால் நீ கிழி. இல்லாவிட்டால் கடைசிக் கட்டத்தை நிரப்பு. இத்தனை கடிதத்தில் நீ எனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டாய், அந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை.

நீ எது செய்தாலும் நான் உனக்கு அக்காதான். அதற்காக எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே.
அக்கா

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மூன்று மாதமாகக் கேட்கவில்லை. கீழ்த் தளத்தில் அறை பார்க்கச் சொல்லி உன் தம்பி பெண்டாட்டி கட்டளை போட்டிருக்கிறாள். அவள்தான் உனக்கு எழுதியது என்று அவளே சொல்லிவிட்டாள். குட்டி இப்போது முறுக்கிய கயிற்றைக்கூடப் பல்லால் கடித்து அறுக்கிறாள்.

சீட்டு ஒன்பது நாள் என் சட்டைப்பையில் இருந்தது. 28ஆம் தேதி விசாரணை மேஜையில் எடுத்து வைத்தேன், கடைசல்காரரின் காகிதத்தையும் வைத்தேன். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. "என்ன இது, அகராதியா?" என்றார் ஒருவர். படியுங்கள் என்றேன். படித்துவிட்டு, கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறதே என்றார். பேனா கேட்டேன். அவர்கள் முன்னாலேயே எழுதினேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

மேஸ்திரி வேலை போய்விட்டது. கிடங்கிலேயே வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள், வண்டி கழுவும் இடத்தில். லோடுமேனைப் போய்ப் பார்த்தேன். கட்டைக் கம்பு வைத்து நடக்கிறார், கொஞ்சம் விந்தல் இருக்கும் என்கிறார்கள். என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மறுபடியும் போவேன்.

கடைசல்காரர் வியாழக்கிழமை வேலைக்குத் திரும்பினார். ஏழாம் நம்பருக்குப் புது இருசு கடைந்து, தூள் தடவி, தட்டிப் பார்த்தார். பிறகு, நான் வண்டி கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்து, என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளையாக இருந்தது, கோடு இல்லை. நான் நன்றாகப் பார்க்கும்வரை நின்றுவிட்டுப் போனார். அது மன்னிப்பா, வேறென்னவா என்று எனக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கினால் எழுது.

சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். விசாரணைக்காரர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். உன் எழுத்துக்குக் கீழே என் எழுத்து.

தம்பி

சொல்: இருசு.

பொருள்: சுற்றினாலும் சுற்றாவிட்டாலும், வண்டியில் சக்கரங்களின் மேல் வரும் பாரத்தைத் தாங்கும் தண்டு.

பிறப்பு: தெரியவில்லை.

வாக்கியம்: "ஏழாம் நம்பர் வண்டி இருசுல கீறல் ஓடியிருக்கு மேஸ்திரி. இத மாட்டாதீங்க."

யார், யாரிடம், என்றைக்கு: கடைசல்காரர், பட்டறை மேஸ்திரியிடம், ஜனவரி 16.

பதில்: தூளின் மேல் தெரிந்த கோட்டை மேஸ்திரி வலது உள்ளங்கையால் துடைத்தார். "ஒரு வாரம் ஓடட்டும், பாத்துக்கலாம்" என்றார். மேஸ்திரி நான்தான்.